பின்கோடு ஊருக்கு அல்ல, தபாலாபீசுக்கு: முகவரி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கையின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியபோது, உறைகளில் முகவரி எழுதும் வேலை என்னிடம் வந்தது. மதுரையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் 625001, திருச்சியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் 620001 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பத்திரிகை கிடைத்தது கல்யாணம் முடிந்த மறுநாள். நாங்கள் தொலைபேசியில் அழைத்திருந்ததால் அவர் வந்துவிட்டார்; ஆனால் பத்திரிகை வரவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பிறகு ஒருநாள் அந்த உறையை எடுத்துக் காட்டி, “ஊரையும் தெருவையும் சரியாத்தான் எழுதியிருக்கே. நம்பர்தான் வேற ஆபீஸ் நம்பர். பின்கோடு ஊருக்குக் கொடுத்தது இல்லப்பா, தபாலாபீசுக்குக் கொடுத்தது” என்றார். ஸ்ரீரங்கத்தின் எண் 620006.

அந்த ஒரு வாக்கியம் புரிந்துவிட்டால், பின்கோடு எழுதுவதில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும்.

ஆறு இலக்கமும் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இதை வகுத்தவர். அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள், முகவரிகளில் பல மொழிகள் என்று கடிதம் பிரிப்பவர்கள் திணறிக்கொண்டிருந்த நாட்டில், எந்த மொழிக்காரரும் படிக்கக்கூடிய ஓர் எண் தேவைப்பட்டது.

முதல் இலக்கம் பெரிய மண்டலத்தைச் சொல்கிறது. 1 முதல் 8 வரை நிலப்பரப்பு சார்ந்த மண்டலங்கள். 9 ராணுவ அஞ்சல் சேவைக்கு உரியது. தமிழ்நாடும் கேரளமும் 6இல் வருகின்றன. முதல் மூன்று இலக்கங்களைச் சேர்த்துப் படித்தால், கடிதம் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பது தெரியும். சென்னை 600, மதுரை 625, திருநெல்வேலி 627, கோயம்புத்தூர் 641. கடைசி மூன்று இலக்கங்கள் அந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குள் உங்கள் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தைக் காட்டுகின்றன. அத்துடன் பின்கோட்டின் வேலை முடிந்துவிடுகிறது. தெருவோ வீடோ அதில் இல்லை.

இந்த எண் அலுவலகத்துக்கு உரியது என்பதற்குச் சபரிமலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சன்னிதானத்துத் தபாலாபீசின் எண் 689713. மண்டல, மகரவிளக்குக் காலத்தில் மட்டும் இயங்கும் அலுவலகம் அது. நடை சாத்திச் சீசன் முடிந்ததும், அடுத்த ஆண்டுவரை அந்த எண்ணுக்கும் ஓய்வுதான்.

எல்லாவற்றுக்கும் 001 போடுவது

நான் செய்த தவறு இது; நிறைய பேர் செய்வதும் இதுவே. 001இல் முடியும் எண் பெரும்பாலும் அந்த நகரத்துத் தலைமை அஞ்சலகத்துக்கு உரியது. 600001 என்றால் சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் பொது அஞ்சலகம் பட்டுவாடா செய்யும் பகுதி மட்டும்தான். மொத்தச் சென்னையும் அல்ல. மயிலாப்பூருக்குப் போக வேண்டிய கடிதத்தில் 600001 என்று எழுதினால், பை முதலில் அங்கே போகும். அங்கே ஒருவர் முகவரியைப் படித்து, இது நம் பகுதி இல்லை என்று கண்டு, மறுபடி பிரித்து அனுப்ப வேண்டும். போய்ச் சேரும், ஆனால் தாமதமாக. நேர்காணல் அழைப்புக்கும் நீதிமன்ற அறிவிப்புக்கும் அந்தத் தாமதம் சாதாரண விஷயம் இல்லை.

பதிவு செய்து அனுப்பும் தபால்களில் இது இன்னும் கூடுதல். கவுன்டரில் இருப்பவர் கணினியில் பதிவது பின்கோட்டை. போக வேண்டிய இடத்தை முடிவு செய்வதும் அதுதான். ஊர்ப் பெயரை நீங்கள் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், பை எண்ணைப் பார்த்துத்தான் போகும்.

“சென்னை-4” என்பதை விரிப்பதில் வரும் குழப்பம்

பின்கோடு வருவதற்கு முன்பே பெரிய நகரங்களில் பகுதி எண்கள் இருந்தன. பழைய கடிதங்களிலும் பத்திரிகை அலுவலக முகவரிகளிலும் “சென்னை-4”, “சென்னை-17” என்று பார்த்திருப்பீர்கள். 1972இல் அந்த எண்களையே கடைசி இலக்கங்களாக வைத்துக்கொண்டார்கள். சென்னை-4 மயிலாப்பூர், அது 600004 ஆனது. சென்னை-17 தியாகராய நகர், 600017 ஆனது.

இதை விரித்து எழுதும்போதுதான் சுழியங்கள் இடறுகின்றன. 60017 என்று ஐந்து இலக்கத்தில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. 4ஐ 40 ஆக்கிவிடுபவர்களும் உண்டு: 600004 மயிலாப்பூர், 600040 அண்ணா நகர். இரண்டும் உண்மையான எண்கள் என்பதால் எந்தக் கணினியும் தவறு என்று சொல்லாது. அதுதான் இதில் இருக்கும் ஆபத்து. எழுதியபின் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்: 600 தனியாக, மீதி மூன்று தனியாக. கையால் எழுதும்போது நடுவில் சிறிய இடைவெளி விட்டால் கண்ணுக்கு எளிது. இணையப் படிவங்களில் மட்டும் இடைவெளி வேண்டாம். பல படிவங்கள் அதை ஏற்காது.

இலக்கம் இடம் மாறினாலும் இதே கதைதான். 641001 கோயம்புத்தூர், 614001 மன்னார்குடி. ஈரோட்டுப் பக்கம் 638. அதையே 683 என்று எழுதினால் கேரளத்தின் ஆலுவா பக்கம் போய்விடும்.

பகுதிப் பெயரை நம்பி எண்ணை ஊகிப்பது

அண்ணா நகர் என்றால் 600040 என்று மனப்பாடமாக எழுதுகிறோம். அண்ணா நகர் கிழக்குக்கு 600102, மேற்கு விரிவுக்கு 600101. மதுரையிலும் ஓர் அண்ணா நகர் இருக்கிறது, அங்கே 625020. தியாகராய நகர் 600017 என்றால் ரயில் பாதைக்கு மேற்கே இருக்கும் மேற்கு மாம்பலம் 600033. எல்லைக்கோடு ஒரு தெருவின் நடுவிலேயே போகலாம். எதிர்வரிசைக் கடையின் பெயர்ப்பலகையில் இருக்கும் எண் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அருகில் இருக்கும் தபாலாபீசின் எண்தான் நம் எண் என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. எல்லா அலுவலகமும் பட்டுவாடா செய்வதில்லை. சில அலுவலகங்களில் தபால்தலை வாங்கலாம், பணம் கட்டலாம், விரைவுத் தபால் கொடுக்கலாம்; ஆனால் அங்கிருந்து தபால்காரர் யாரும் கிளம்ப மாட்டார். உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறாரோ, அந்த அலுவலகத்தின் எண்தான் உங்கள் எண்.

கிராமத்து முகவரியில் “அஞ்சல்” வரியை விடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்தில் இருந்துகொண்டு ஊருக்கு எழுதுகிறவர்கள் அதிகம் விடும் வரி இது.

இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தபாலாபீஸ்கள் இருக்கின்றன. பின்கோடுகளோ ஏறத்தாழ 19,000தான். ஓர் எண்ணைச் சராசரியாக எட்டு அலுவலகங்கள் பகிர்ந்துகொள்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கிராமத்தில் இருக்கும் கிளை அஞ்சலகத்துக்குத் தனி எண் கிடையாது. அது எந்தத் துணை அஞ்சலகத்தின் கீழ் வருகிறதோ, அதன் எண்ணே இதற்கும்.

ஆகவே எண் உங்கள் கடிதத்தைத் துணை அஞ்சலகம்வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து எந்தக் கிளைப் பையில் போட வேண்டும் என்பதை எண் சொல்லாது. அதைச் சொல்வதுதான் “இன்ன ஊர் அஞ்சல்” என்ற வரி. பழைய முகவரிகளில் “அஞ்சல்”, “வழி” என்று இரண்டு வரிகள் இருக்கும். “வழி” துணை அஞ்சலகத்தின் பெயர். பின்கோடு வந்தபின் அந்த வேலையை எண் செய்துவிடுகிறது. “அஞ்சல்” வரியின் வேலையை அது செய்யாது. ஒரே துணை அஞ்சலகத்தின் கீழ் இரண்டு புதூர்கள் இருந்தால், அந்த வரி இல்லாத கடிதம் எந்தப் புதூருக்குப் போகும்?

இணையப் படிவத்தில் எண்ணை இட்டதும் கீழே ஊர்ப் பட்டியல் ஒன்று விரிவதும் இதனால்தான். முதலில் வரும் பெயரை அவசரத்தில் தொட்டுவிடாதீர்கள். அது அகரவரிசையில் முன்னால் வரும் பக்கத்துக் கிராமமாகவும் இருக்கலாம்.

நகரத்திலும் கதவு எண், தெரு, அடையாளம் மூன்றும் அவசியம். சிங்கப்பூரில் ஆறு இலக்க எண் ஒன்று கட்டடத்தையே காட்டிவிடும். அங்கிருந்து வந்தவர்கள் இங்கும் அப்படி எண்ணிக்கொண்டு முகவரியைச் சுருக்குவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஆறு இலக்கம் அலுவலகத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் தபால்காரரின் கண்ணும் நினைவும்தான்.

எண்ணை வைத்து மாநிலத்தையும் மாவட்டத்தையும் முடிவு செய்வது

605 என்றால் புதுச்சேரி என்று பலர் நினைக்கிறார்கள். விழுப்புரம் 605602, ஆரோவில் 605101. விழுப்புரம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, ஆரோவில்லின் பெரும்பகுதியும் அப்படியே. மறுபக்கம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. ஒரே ஆட்சிப் பகுதி, நான்கு வேறு தொடர்கள். தபால் பை போகும் பாதையைப் பார்த்து அமைத்த எண்கள் இவை. ஆட்சி எல்லையைப் பார்த்து அமைத்தவை அல்ல.

மாவட்டம் பிரிந்தாலும் எண் மாறுவதில்லை. 2019இல் தென்காசி தனி மாவட்டமானது. அதன் எண் இன்றும் திருநெல்வேலித் தொடரிலேயே, 627811. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது, எண் 600045. சில படிவங்கள் பின்கோட்டை வைத்து மாவட்டத்தைத் தாமாக நிரப்பும். அங்கே பழைய மாவட்டத்தின் பெயர் வந்தால் திருத்திவிட்டுச் சமர்ப்பியுங்கள். மாவட்டம் புதிது என்பதற்காக, இருக்கும் எண்ணை மாற்றிவிடாதீர்கள்.

ராணுவத்தில் இருப்பவருக்கு எழுதும்போது

மகன் எங்கே பணியில் இருக்கிறான் என்று தெரிந்தால், அந்த ஊரையும் எழுதிவிட வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தோன்றும். கூடாது. பணி எண், பதவி, பெயர், படைப்பிரிவு, மேற்பார்வை (C/o) 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம்), அதன்பின் 9இல் தொடங்கும் பின்கோடு, அவ்வளவே. படைப்பிரிவு எந்த இடத்துக்கு மாறினாலும் ராணுவ அஞ்சல் சேவைதான் கடிதத்தை அங்கே கொண்டுசேர்க்கும். இடப் பெயர் எழுதினால் கடிதம் வழி தவறலாம். படை இருக்கும் இடம் வெளியே தெரிவதும் நல்லதல்ல. படைப்பிரிவின் எண்ணை மகன் கொடுத்தபடியே எழுதுங்கள், இணையத்தில் தேட வேண்டாம்.

டிஜிபின்னைப் பின்கோட்டின் இடத்தில் எழுதுவது

2025இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. பெயர் ஒத்திருப்பதால், இனிப் பின்கோடு வேண்டாம் என்று சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். அப்படி இல்லை. டிஜிபின் நிலத்தில் ஒரு புள்ளியைக் காட்டுகிறது. உங்கள் தபால் எந்த அலுவலகப் பையில் ஏற வேண்டும் என்பதைச் சொல்வது இப்போதும் பின்கோடுதான். இரண்டையும் எழுதலாம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கக் கூடாது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. உறையின் வலது கீழ்ப்புறம் ஆறு கட்டம் இருந்தால், கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதுங்கள். 1ம் 7ம், 0மும் 6ம் குழம்பக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் முகவரியைத் தமிழில் தாராளமாக எழுதலாம். டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போவதாக இருந்தால் அங்கே படிக்கக்கூடிய மொழியிலும் எழுதுங்கள், ஏனெனில் கடைசியில் தெருவைப் படிக்க வேண்டியவர் அந்த ஊர்த் தபால்காரர். அனுப்புநர் முகவரியிலும் பின்கோடு வேண்டும். பட்டுவாடா ஆகாத தபால் திரும்பி வரும் வழியும் அந்த எண்தான்.

உங்கள் எண் சரியா என்று பார்க்க அஞ்சல் துறையின் இணையதளத்தில் தேடும் வசதி இருக்கிறது. தமிழ்நாட்டு எண் என்றால் 600க்கும் 643க்கும் இடையில் தொடங்கும். இந்தியாவின் எந்தப் பின்கோடும் 0இல் தொடங்காது. இணையத்தில் பார்த்தபின்னும் சந்தேகம் இருந்தால், குறிப்பாக இரண்டு பகுதிகளின் எல்லையில் வீடு இருந்தால், தெருவுக்கு வரும் தபால்காரரை ஒரு நிமிடம் நிறுத்தி, “அண்ணே, நீங்க எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?” என்று கேளுங்கள். நான் இப்போது குடிவந்திருக்கும் வீட்டுக்கு அப்படிக் கேட்டுத்தான் எண்ணைச் சரிசெய்துகொண்டேன். வாடகை ஒப்பந்தத்தில் அச்சாகியிருந்தது பக்கத்து அலுவலகத்தின் எண்.