பரணில் கிடக்கும் கிட்டை மறுபடி கையிலெடுக்க

பரணில் நாலைந்து பெட்டிகள். ஒன்றில் இறக்கை ஒட்டியதோடு நின்ற விமானம், இன்னொன்றில் சங்கிலி கோக்காத டாங்கி, மூன்றாவதைப் பிரிக்கவே இல்லை. கிட் எனும் பிளாஸ்டிக் பாகப் பெட்டி வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து, நிஜப் பொருளின் சிறு வடிவமான ஸ்கேல் மாடல் செய்கிற பலர் வீட்டில் நிலைமை இதுதான். "ஆர்வம் விட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வேலையில் கை முட்டி நின்றிருக்கும். அதே வேலை மறுபடி வரும் என்று தெரிவதால்தான் பெட்டியைத் திறக்க மனசு வருவதில்லை. அது எந்த வேலை என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் கை தானாக ஓடும். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் அந்த முட்டுக்கட்டை பல நேரம் காற்றின் ஈரம்தான்.

எங்கே நின்றது?

ஒரு ஞாயிறு காலை எல்லாப் பெட்டிகளையும் இறக்கி, தரையில் பழைய வேட்டியை விரித்து வையுங்கள். அன்றைக்கு எதையும் ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு பெட்டிமேலும் ஒரு துண்டுச் சீட்டு: எந்தப் படி வரை முடிந்தது, அடுத்து என்ன வேலை. நாலு சீட்டு எழுதியதும் விஷயம் தெரிந்துவிடும். எல்லாம் பெயின்ட்டுக்கு முன்னால் நிற்கிறதா? டீகல் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) ஒட்டும் இடத்திலா? விமானத்தின் உடல் இரண்டு பாதியும் சேரும் கோட்டைத் தேய்க்கும் இடத்திலா? பிரிக்காத பெட்டி என்றால் காரணம் வேறு: விலை கொடுத்து வாங்கியது, கெடுத்துவிடுவோமோ என்ற பயம்.

பெட்டி திறந்திருக்கும்போதே சில சோதனைகள் செய்துவிடலாம். ரப்பர் போன்ற வினைல் டயரோ சங்கிலியோ பிளாஸ்டிக் பாகத்தைத் தொட்டபடி கிடந்தால் உடனே பிரித்துத் தனி ஜிப் கவரில் போடுங்கள். வினைலில் இருக்கும் மென்மையாக்கி கசிந்து, கிட் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை இளக்கிவிடும்; நம் வெயிலில் இன்னும் சீக்கிரம் நடக்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் சித்திரை, வைகாசியில் வளைந்துபோன இறக்கையை, கை பொறுக்காத அளவு சூடான தண்ணீரில் இடுக்கியால் பிடித்து ஒரு நிமிடம் வைத்து, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் முக்குங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், உருவமே போய்விடும். செயல்முறைத் தாளைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் இராமபாணப் பூச்சிக்கு அந்தத் தாள் என்றால் கொள்ளைப் பிரியம். இனிமேல் பெட்டிகள் பரணில் வேண்டாம். பீரோவின் கீழ்த்தட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும்.

கை பழக ஒரு சின்ன வேலை

நின்றுபோன கிட்டிலேயே நேராகப் போய் உட்காராதீர்கள். முதலில் கெட்டாலும் வருத்தமில்லாத ஒன்று வேண்டும். 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஒற்றை இன்ஜின் விமானம், 30 முதல் 50 பாகம் உள்ளது நல்லது. அதற்கும் செலவழிக்க மனமில்லை என்றால் பொம்மைக் கடையில் சென்ட்டி நிறுவனத்தின் பிளாஸ்டிக் அம்பாசடரோ ஆட்டோவோ வாங்குங்கள். அடியில் பெரும்பாலும் திருகு இருக்கும். கழற்றினால் உடல், கண்ணாடி, சக்கரம் தனித்தனியாக வந்துவிடும். ஸ்டிக்கரை உரித்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, 600 எண் வாட்டர் பேப்பரால் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) லேசாகத் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, உங்கள் ஊர் டாக்சி போல மாற்றுங்கள். நாலு மாலையில் முடிந்துவிடும். ஒரு பொருள் முழுதாக முடிந்து அலமாரியில் உட்கார்வது, புதிய கிட் வாங்குவதைவிடக் கையை நன்றாகக் கிளப்பும். ஆர்வம் குறையும்போதெல்லாம் புதுப் பெட்டி வாங்கும் பழக்கம் பரணைத்தான் நிரப்பும்.

மேசைக்குப் பதில் ஒரு தட்டு

வேலை ஆரம்பிக்கவே இருபது நிமிடம் ஆனால் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். ஒரு பெரிய டீ டிரே அல்லது தாம்பாளம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கட்டிங் மேட் துண்டு, சைடு கட்டர், மெடிக்கல் கடையில் கிடைக்கும் 3-ஆம் எண் கைப்பிடியும் 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடும், 400, 600, 1000 வாட்டர் பேப்பர், இடுக்கி, மெல்லிய சிமென்ட் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் நீர்த்த பசை), இப்போது செய்யும் ஒரே ஒரு கிட். வேலை முடிந்ததும் தட்டோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கடற்காற்றில் பிளேடு துருப்பிடிக்கும்; தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள், அடுத்த முறை துடைத்துவிட்டு வெட்டுங்கள். மடியில் ஒரு வெளிர்நிறத் துண்டு. கீழே விழும் பாகத்தில் முக்கால்வாசி அதில்தான் விழும். தலைக்குமேல் ஓடும் ஃபேன் சின்னப் பாகங்களைக் கட்டிலுக்கடியில் விரட்டும், சிமென்ட்டைச் சேரும் முன்பே உலர்த்தும். ஒட்டும்போது மட்டும் நிறுத்துங்கள்.

நேரம் இருபது நிமிடம் போதும். ஆனால் உட்காரும் முன் சீட்டில் ஒரே வேலை எழுதுங்கள்: "சக்கரம் எட்டு, வெட்டித் தேய்ப்பது மட்டும்." மணி அடித்ததும் வேலை பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள், அடுத்து ஒட்டவேண்டிய பாகத்தை வெட்டித் தயாராகத் தட்டில் வைத்துவிட்டு. மறுநாள் யோசிக்காமல் கை அங்கே போகும்.

பெரிய கிட்டுக்கும் இதே முறைதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை ரெவெல் நிறுவனம் 1/350 அளவில் கொடுத்திருக்கிறது. நீளம் சுமார் 34 செ.மீ. மொத்தத்தையும் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மூன்று புகைப்போக்கி ஒரு மாடல், பத்து பீரங்கி ஒரு மாடல், படகுகள் ஒரு மாடல் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் பெயின்ட் வரை முடித்துத் தனிப் பெட்டியில் வையுங்கள். தனித்தனிக் கண்ணியாகக் கோக்கும் டாங்கிச் சங்கிலியும் அப்படித்தான், ஒரு நாளைக்குப் பத்துக் கண்ணிக்கு மேல் வேண்டாம்.

சேரும் கோடு

விமானம் நின்றுபோகும் முதல் இடம் இது. இரண்டு பாதியையும் சேர்த்து, மெல்லிய சிமென்ட்டைத் தூரிகையால் கோட்டின்மேல் தொட்டால் அது தானாக உள்ளே ஓடும். பிறகு லேசாக அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் மயிரிழை அளவு வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்கினால் பள்ளம் நிரப்பும் புட்டியே தேவைப்படாது. ஒரு நாள் முழுதும் விடுங்கள். அவசரப்பட்டு அன்றே தேய்த்தால் அடுத்த வாரம் கோடு பள்ளமாக இறங்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறும். தேய்க்கும்போது 400, 600, 1000 என்ற வரிசையில், தண்ணீர் தொட்டு. டியூப்லைட்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், நகத்தை குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் இன்னும் மிச்சம் இருக்கிறது. பள்ளம் நிஜமாகவே இருந்தால் கார் பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) புட்டியை மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். தடியாகப் பூசினால் அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கையே கடித்துவிடும்.

காக்பிட் கண்ணாடிக்கு ஃபெவிக்விக் கூடாது. அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியில் வெள்ளைப் படலம் போட்டுவிடும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

பெயின்ட்டும் ஈரமும்

நம் ஊரில் அதிகம் பேர் கைவிடுவது இங்கேதான், அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. ஸ்ப்ரே கேனோ என்.சி. தின்னர் கலந்த லாக்கர் பெயின்ட்டோ அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகும். அந்த வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படியும். கறுப்பு பெயின்ட் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும், நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் பால்போல் ஆகிவிடும். பெயின்ட் மட்டம் என்று நினைத்துக் கிட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். வெளுத்த இடத்தில், உலர்ந்த ஒரு நாளில், ரிட்டார்டர் (உலர்வதைத் தாமதமாக்கும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் மிக மெல்லியதாக அடித்தால் படலம் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

வராமல் தடுக்க, சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே என்றால் தைரியமாக அடிக்கலாம். 75-ஐத் தாண்டினால் லாக்கரைத் தொடாதீர்கள். அதிகாலை கூடாது. வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று வீசத் தொடங்கும் முன் உள்ள நேரம்தான் உலர்ந்தது. ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பாகங்களையும் அங்கேயே வைத்திருந்து, தூரிகையால் அக்ரிலிக் (நீரில் கலக்கும் பெயின்ட்) பூசுவது மழைக்காலத்துக்கு நல்ல வழி. மூடிய அறைக்குள் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. லாக்கருக்குத் துணி மாஸ்க் பயன்படாது, கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஆகவே வேலையையே பருவத்துக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏ.சி. அறை இல்லையென்றால் அந்த மூன்று மாதமும் வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது மட்டும். மூன்று கிட் வரை பிரைமருக்குத் தயாராக்கி வைக்கலாம். தை பிறந்ததும் பெயின்ட். மழை நாளில் பெயின்ட் அடிக்க முடியவில்லையே என்று உட்கார்ந்துவிடுவதுதான் பொங்கல்வரை நீண்டு, பிறகு ஒரேயடியாக விட்டுப்போகிறது.

கோடையில் எதிர்ப் பிரச்சினை: அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்து, கோடு கோடாக இழுக்கும். சாப்பாட்டு டப்பாவில் டிஷ்யூ பேப்பரை நனைத்துப் போட்டு, மேலே கேக் சுடப் பயன்படும் பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் பெயின்ட்டைக் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் வாடை வரும், டிஷ்யூவை மாற்றிவிடுங்கள்.

அடித்த பெயின்ட் பிடிக்கவில்லையா? அக்ரிலிக் என்றால் டெட்டாலில் ஒரு நாள் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் உரிந்துவிடும். ஆனால் உரிந்ததும் தண்ணீரில் காட்டாதீர்கள், பிசின்போல் ஆகி ஒட்டிக்கொள்ளும். முதலில் இன்னும் கொஞ்சம் டெட்டாலால் அலசித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு நீர். நெயில் பாலிஷ் ரிமூவர், என்.சி. தின்னர், பெட்ரோல் மூன்றும் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

டீகல்

மஞ்சளான பழைய டீகலை ஜிப் கவரில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுக்கும். பிறகு, தேவையில்லாத ஒன்றை நீரில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் முழுத் தாளுக்கும் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் ஒவ்வொன்றையும் ஓரமாக வெட்டுங்கள். ஒட்டும் இடமும் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான மேட் பெயின்ட்டில் அடியில் காற்று சிக்கி வெள்ளி மினுக்கும். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி, வெளியே எடுத்து ஒரு நிமிடம் வைத்தால் தாளிலிருந்து வழுகும். போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் காய்ந்ததும் டீகலைச் சுற்றி வெள்ளைத் திட்டு விடும். கேன் தண்ணீர் எடுங்கள்.

தெருவையே மாடலாக்க

விமானமும் டாங்கியும் அலுத்திருந்தால், பக்கத்தில் இருப்பதைச் செய்யுங்கள். புதுச்சேரி ஒயிட் டவுன் மதிற்சுவர் ஒன்று, 1/72 அளவில், 15×10 செ.மீ. அடித்தட்டில். 3 மி.மீ. சன்போர்டு (நுரை பிளாஸ்டிக் அட்டை) அந்த அளவில் 21.6 செ.மீ. தடிமன், ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ சரி. எட்டடிச் சுவர் 3.4 செ.மீ. உயரம் வரும், ஆள் 2.3 செ.மீ. சுவர் பூச்சுக்கு வால் புட்டியில் பாதியளவு ஃபெவிகாலும் சிறிது நீரும் கலந்து, பஞ்சால் தட்டித் தட்டிப் பூசுங்கள். மஞ்சள் காவி நிறம், ஓரத்துக்கு வெள்ளை, அடிப்பகுதியில் தண்ணீரில் கரைத்த பழுப்பு. மழை ஈரம் அங்கேதான் ஏறும். மேலே காய்ந்த துளசிக் குச்சியில் ஃபெவிகால் தொட்டு, ரோஸ் நிற டிஷ்யூ துணுக்குகளைத் தூவினால் காகிதப்பூக் கொடி.

கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் நிற்கும் ஃபைபர் படகு முப்பதடி என்றால் 12.7 செ.மீ. கடற்கரை மணலை அப்படியே கொட்டாதீர்கள். அரை மி.மீ. மணற்பொடி 1/72-இல் 3.6 செ.மீ. கூழாங்கல் ஆகிவிடும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, வெயிலில் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, கீழே இறங்கும் தூளை மட்டும் எடுங்கள். அலசாத மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து, சில மாதத்தில் பெயின்ட்டைக் கொப்பளிக்கவைக்கும்.

முடிக்க ஒரு தேதி வேண்டுமென்றால் நவராத்திரியை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பருவமழை பிடிக்கும் முன் வரும்; கொலுப் படிக்குக் கீழே போடும் பூங்காவில் உங்கள் சுவருக்கும் படகுக்கும் இடம் உண்டு, வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். அதற்கு ஆடி முதல் வாரத்தில் வெட்ட ஆரம்பியுங்கள், ஆவணிக்குள் பெயின்ட், கடைசிப் பத்து நாள் மணலும் செடியும். முளைவிட்ட கேழ்வரகுத் தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், தினமும் தெளிக்கும் தண்ணீர் சன்போர்டின் ஒட்டை விடுவித்துவிடும்.