செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரில் முதல் நெடும்பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கதவு, டர்போ எஞ்சின், தரையை ஒட்டிய உடம்பு. ஏழு வருடம் வேறொருவர் ஓட்டிய அந்தக் காரை வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, 1,400 கிலோமீட்டர் பயணத்துக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. இந்தக் கார் நேர்ச்சாலையில் அலைபாயும் என்பது ஒன்று. எஞ்சின் குறையே இல்லாதது என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. அலைபாய்ந்ததற்குக் காரணம் முன் சஸ்பென்ஷனில் பிய்ந்துபோயிருந்த ரப்பர் புஷ்கள், அதாவது பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறைகள். எஞ்சினோ அந்த ஒரு பயணத்தில் முக்கால் லிட்டர் ஆயில் குடித்திருந்தது. வழியில் ஒருமுறைகூட நான் ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை.

புதுக் காரைப் பற்றிச் சொல்லும்போது அந்த மாடலைப் பற்றிச் சொல்கிறோம். பழைய காரில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: அந்த மாடலின் பிறவிக் குணம், இந்த ஒரு வண்டியின் இன்றைய உடல்நிலை. இரண்டையும் பிரித்துப் பார்க்காததில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. நல்ல காரை வெறுத்து விற்றவர்களும் உண்டு, ஆபத்தான கோளாறை "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் எனக்குக் கவலை தருவது.

முதல் தவறு, வாங்கிய சூட்டோடு கிளம்புவது. விற்பதற்கு முன், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியேதான் இருக்கும். காரின் கணினி தன் சோதனைகளைத் திரும்பச் செய்து முடிக்கப் பல தடவை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, வேகம் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருக்கும். அதுவரை விளக்கு வராது. வீட்டிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி அது எரிவதைவிட, பக்கத்திலேயே இரண்டு வாரம் ஓட்டும்போது எரிவது நல்லது. ஸ்கேனர் கையில் இருந்தால் அந்தச் சோதனைகள் முடிந்தனவா என்றும் அதிலேயே பார்க்கலாம். முடியாமல் நிறைய பாக்கி இருந்தால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது டயர். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைக் கார்களில் ஓட்டும் அனுபவத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

பட்டன் (தரையில் படும் பகுதியின் வரிப்பள்ளங்கள்) ஆழமாக இருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். வார இறுதியில் மட்டும் வெளியே வந்த ஸ்போர்ட்ஸ் காரில் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளோடு வரும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2317 என்று இருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை நிபுணரிடம் காட்ட வேண்டும், பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பலவும் சொல்லும் அறிவுரை. கெட்டியாகிப்போன ரப்பர் மழையில் வழுக்கும், சத்தமும் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் காருக்குள் இரைச்சல் அதிகம் என்று நினைப்பவர்கள் நிறைய.

உள்விளிம்பையும் பாருங்கள். சக்கரங்களை உள்பக்கம் சாய்த்து அமைத்த கார்களில் வெளியே தெரியும் பக்கம் புதிதுபோல் இருக்கும், உள்ளே கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு டார்ச் அடித்தால் முன் டயர்களில் தெரிந்துவிடும். பின் டயர்களுக்குக் குனிந்து படுக்கத்தான் வேண்டும். நான்கு டயரும் நான்கு நிறுவனமாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். அப்புறம் கையாளும் விதத்தைப் பற்றிப் பேசலாம்.

காற்றழுத்தத்தில் இரண்டு பிழைகள். டயர் சுவரில் போட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், அது உங்கள் காருக்கான அளவு இல்லை. காருக்கான அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரிலோ பெட்ரோல் மூடியின் உள்ளேயோ கையேட்டிலோ இருக்கும். பல கார்களில் முழுச் சுமைக்கும் அதிவேகத்துக்கும் தனி அளவு கொடுத்திருப்பார்கள். சாமான் ஏற்றிய நெடும்பயணத்துக்கு அதுதான். இரண்டாவது பிழை, ஓடிச் சூடான டயரில் அளந்து, கூடுதலாக இருக்கிறதென்று காற்றை இறக்குவது. ஓட்டத்தில் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள்.

அப்புறம், 225/40 ஆர்18 அளவுள்ள டயரின் பக்கச் சுவர் வெறும் 90 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளைவதற்கோ சுவர் புடைப்பதற்கோ அதிக நேரம் ஆகாது. இப்படிப்பட்ட கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் திரவமும் சின்ன கம்ப்ரசரும்தான் இருக்கும். அந்தத் திரவம் தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் உதவும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. அந்த பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதே எனக்குப் பயணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் காரில் இருந்தது காரோடு வந்த ஏழு வருடப் பழையது.

பிரேக் ஆயிலை யாரும் கேட்பதே இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டிஓடி 4 வகைக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டக்கூடியதுதான். திரவம் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். கடைசியாக மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்குங்கள். டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) உள்ள எஞ்சினாக இருந்தால் அதற்கும் இதே பேச்சு: மாற்றிய ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நான் செய்த பெரிய தவறு ஆயிலைப் பார்க்காதது. விளக்கு எரியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் இருக்கிறார்கள். சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் விழுந்ததைச் சொல்வது, அதற்குள் சேதம் தொடங்கியிருக்கலாம். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை செலவாவது ஏற்கத்தக்கது என்று சில கையேடுகளே சொல்கின்றன. கணக்கு போட்டுப் பாருங்கள், 2,000 கிலோமீட்டரில் மேலிருந்து கீழே வந்துவிடும். சில எஞ்சின்களில் ஆயில் எரிவது பிறவிக் குணம். 2003-இல் விற்பனைக்கு வந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இன் ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை), ரோட்டர் முனைகளின் சீல்களுக்கு மசகாக வேண்டுமென்றே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும். அங்கே ஆயில் குறைவது கோளாறு இல்லை, ஊற்றாமல் விடுவதுதான் கோளாறு. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை ஆயில் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, கையேடு சொல்கிறபடி பாருங்கள்.

டர்போ காரை வேகமாக ஓட்டிவந்து உடனே அணைக்க வேண்டாம். கடைசி சில நிமிடம் நிதானமாக ஓட்டினாலே போதும்.

சரி, இனி அபிப்ராயத்துக்கு வருவோம். குணத்தையும் கோளாறையும் பிரிக்கச் சில அடையாளங்கள் உண்டு. 90 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் அதிர்ந்தால் பெரும்பாலும் வீல் பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். ஒரு பக்க வளைவில் ரீங்காரம் கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள். கைவிட்டால் ஒரு பக்கம் இழுப்பது அலைன்மென்ட்டாகவோ டயராகவோ காற்றாகவோ இருக்கலாம். இவை எதுவும் அந்த மாடலின் குணம் இல்லை. செலவு செய்தால் போய்விடும்.

மறுபக்கம், போகவே போகாதவையும் இருக்கின்றன. 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000-ஐ எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓட்டிவிட்டு பிக்கப் இல்லை என்பது நியாயமே இல்லை. அதன் முழு பலமும் 8,000 சுற்றுக்கு மேல்தான் வரும்படி செய்திருக்கிறார்கள். 1989-இலிருந்து வரும் மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் அழகே எடை குறைவில்தான் இருக்கிறது. எடையைக் குறைத்த காரில் பெரிய செடானின் அமைதியைத் தேட முடியாது. நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு இந்தக் கார்களுக்கு மதிப்பெண் போடுபவர்கள், அவை எதற்காகப் பிறந்தனவோ அந்த வளைவுச் சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் வெளியே வாங்கி மாட்டிய சைலன்சரின் இரைச்சலும், யாரோ தாழ்த்திவிட்ட ஸ்பிரிங்கும் அசல் குணம் இல்லை. கம்பெனி பாகத்தை மாட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

இடுப்பு வலியையும் அவசரப்பட்டு சீட்டின் மேல் போடக் கூடாது. கை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் படும்படி, கிளட்ச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி அமர்ந்துபாருங்கள். நான் முதல் 600 கிலோமீட்டரைச் சாய்ந்து படுத்த மாதிரி ஓட்டினேன். சாய்வை நிமிர்த்தியதும் வலி பாதியானது.

திரும்பி வந்ததும் காரை நிறுத்திவிட்டு மறந்துபோவது கடைசித் தவறு. மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தரையில் சொட்டு இருக்கிறதா, கூலண்ட் அளவு எங்கே நிற்கிறது, ஆயில் எவ்வளவு என்று பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. நினைவு மங்குவதற்குள் எழுதிவையுங்கள்: எந்த வேகத்தில், எந்த கியரில், சூட்டிலா குளிரிலா, பிரேக் பிடித்தபோதா விட்டபோதா. மெக்கானிக்கிடம் போய் "சஸ்பென்ஷன் போச்சு" என்று தீர்ப்பு சொல்லாமல் இந்தக் குறிப்பை அப்படியே கொடுங்கள். "100-க்கு மேல் போனால், லாரியைத் தாண்டும்போது முன்பக்கம் அலைகிறது" என்று நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியை வைத்துத்தான் அந்த புஷ்களைக் கண்டுபிடித்தார்கள்.

புஷ் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, அதே சாலையில் மறுபடி போனேன். இந்த முறை இரண்டு விரலில் நேராக நின்றது. ஆயில் குடிப்பது மட்டும் நிற்கவில்லை. டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா எப்போதும் இருக்கிறது, ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் இறங்கிப் பார்க்கிறேன்.