ஆடிக் காற்றிலும் காது வலிக்காத தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆனி, ஆடி மாதங்களில் பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேற்குக் காற்றை நம்பித்தான் அந்தச் சாலையின் இருபுறமும் காற்றாலைகள் நிற்கின்றன. தெற்கு நோக்கிச் செல்லும் ஓட்டுநரின் வலக்கன்னத்தில் அதே காற்று அறைந்து, தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்து, காதுக்குள் இடைவிடாமல் இரைந்துகொண்டே வரும். நான் முதன்முதலாகச் சொந்தப் பணத்தில் வாங்கிய தலைக்கவசத்துடன் கோவையிலிருந்து சேலம் வரை நெடுஞ்சாலையில் போய் இறங்கியபோது, வண்டி நின்ற பிறகும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. அன்றிரவு படுக்கும் வரை எதிரில் இருந்தவர்கள் பேசியது பஞ்சு வைத்து அடைத்ததுபோலத்தான் கேட்டது. அது வண்டியின் குற்றம் என்றுதான் அன்று நினைத்தேன். உண்மையில் நான் வாங்கியது என் தலைக்கு ஓர் அளவு பெரிய கவசம் என்பதும், அதன் அடியில் இருந்த இடைவெளியே இரைச்சலின் வாசல் என்பதும் பிறகுதான் புரிந்தன.

இரைச்சலை வெறும் தொல்லையாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தாண்டினாலே எஞ்சின் ஓசையை விடக் காற்றின் ஓசை மிஞ்சிவிடுகிறது; 100 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண முழுமுகக் கவசத்துக்குள் 95 முதல் 100 டெசிபெல் வரை இரைச்சல் இருப்பது வழக்கமே. நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை 85 டெசிபெல் ஒலியைக் காது தாங்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும் என்றும் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையினர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம் மட்டுமே. விசைத்தறிக் கொட்டகைகளிலும் நூற்பாலைகளிலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து கேள்விப்புலன் மங்கிய பெரியவர்களை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். போன செவித்திறன் மருந்தால் மீளாது என்பதை அவர்களைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். இரைச்சல் களைப்பையும் கூட்டுகிறது, களைத்த ஓட்டுநரின் கவனம் சிதறுகிறது. ஆகவே அமைதியான கவசத்தைத் தேடுவதும் பாதுகாப்பைத் தேடுவதில் ஒரு பகுதிதான்.

எதைப் பார்ப்பதற்கும் முன்னால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜூன் 1 முதல், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151 தரத்துக்கு உட்பட்ட, முத்திரையிட்ட இருசக்கர வாகனத் தலைக்கவசங்களை மட்டுமே நாட்டில் விற்க முடியும். முத்திரையின் அருகே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கும், அந்த அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணை இட்டால் உரிமம் யாருக்கு உரியது என்பது கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். சாலையோரத்தில் குவித்து விற்கப்படும் கவசங்களின் ஒட்டுவில்லையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். இதற்கு மேலாக ஐரோப்பாவின் ஈ.சி.ஈ. 22.06 சான்றும் உள்ள கவசம் உங்கள் வசதிக்குள் கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள், பழைய 22.05 தரத்தில் இல்லாத சாய்வு மோதல் சோதனையும், கூடுதலான வேகங்களில் செய்யும் மோதல் சோதனைகளும் அதில் சேர்ந்துள்ளன.

அடுத்தது அளவு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வையுங்கள், ஏனென்றால் வசதி, அமைதி, பாதுகாப்பு மூன்றுமே பொருத்தத்தில் வந்துதான் முடிகின்றன. தையற்காரரின் அளவு நாடாவைப் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே வைத்து, பின்தலையில் எங்கே மிகுதியாகப் புடைத்திருக்கிறதோ அதைச் சுற்றி அளவெடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலில் 57–58 சென்டிமீட்டர் எம், 59–60 எல், 61–62 எக்ஸ்.எல். என்று வரும், நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறுவதால், அந்தந்த நிறுவனத்தின் பட்டியலையே பாருங்கள். ஆனால் சுற்றளவு ஒன்றாக இருக்கும் இரண்டு தலைகள் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. ஒன்று முன்பின்னாக நீண்டிருக்கும், இன்னொன்று ஏறத்தாழ வட்டமாக இருக்கும். கவசத்தை அணிந்த சில நிமிடங்களில் நெற்றியின் நடுவில் மட்டும் வலித்தால், உங்கள் தலை அந்தக் கவசத்தை விட நீளமானது; காதுக்கு மேலே இருபுறமும் நெருக்கினால், உங்கள் தலை அதைவிட வட்டமானது. இரண்டு நிலையிலும் அடுத்த பெரிய அளவுக்குப் போவது தவறான தீர்வு, வேறு மாதிரியையோ வேறு நிறுவனத்தையோ பார்ப்பதே சரி.

கடையில் குறைந்தது 20 நிமிடமாவது கவசத்தைத் தலையில் வைத்திருங்கள், கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். கன்னத் திண்டுகள் கன்னத்தைச் சற்றுத் தள்ளி, மெல்லும்போது உட்கன்னம் பல்லில் படும் அளவுக்கு இறுக்கமாக இருப்பது புதிய கவசத்துக்கு நல்ல அடையாளம். கவசத்தை இரு கைகளாலும் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். முகத்தின் தோலும் சேர்ந்து நகர வேண்டும், கவசம் மட்டும் தனியாகச் சுழலக் கூடாது. பிறகு தாடைப் பட்டையை மாட்டிக்கொண்டு, பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டப் பாருங்கள். கழன்று வந்துவிட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். "லூசா இருந்தாத்தானுங்க காத்தோட்டமா இருக்கும்" என்று ஒரு கடையில் எனக்குச் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன், சேலம் போய்வந்த கவசம் அதுதான். சில வாரங்கள் ஓட்டியதும் உள்திண்டுகள் அமுங்கி எப்படியும் கொஞ்சம் தளரும், முதல் நாளே தளர்ந்திருப்பது மூன்றாம் மாதத்தில் ஆடத் தொடங்கும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதையும் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கண்ணாடியின் காம்பு நுழைய உள்திண்டில் தனிப் பள்ளம் விட்ட மாதிரிகள் உண்டு.

அமைதி விஷயத்துக்கு வருவோம். காற்றின் இரைச்சல் உள்ளே வரும் வழிகளில் முதன்மையானது கழுத்துப் பக்கம். அடியில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்: கழுத்தைச் சுற்றிய பட்டை தடிமனாக இருந்து, தாடைக்கும் கவசத்துக்கும் இடையே விரல்கள் தாராளமாகப் போய்வர முடியாவிட்டால் நல்லது. தாடைக்கடியில் மாட்டும் துணித்திரை சில கவசங்களோடு சேர்ந்தே வருகிறது, அதைத் தேவையற்றது என்று கழற்றி வீசிவிட வேண்டாம். இரண்டாவது வழி வைசரின், அதாவது முகத்துக்கு முன்னே இறங்கும் கண்ணாடி போன்ற தகட்டின், ஓரம். வைசரை மூடியபின் ரப்பர் விளிம்பில் எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது, அழுத்தினால் கடகடவென்று ஆடக் கூடாது; அங்கே மெல்லிய கீற்றளவு இடைவெளி இருந்தாலும் வேகத்தில் அது விசில் அடிக்கும். காற்றுத்துளைகளின் மூடிகள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அலங்கார மேடுகள், கூர்முனைகள் ஆகியவையும் ஓசை எழுப்புபவைதான். பார்வைக்குச் சாதுவாக, வழவழப்பாக, முட்டை வடிவில் இருக்கும் கவசமே பெரும்பாலும் அமைதியானது.

காற்றுத்துளைகளே இல்லாத கவசம் இன்னும் அமைதியாக இருக்குமே என்று கேட்கலாம். சித்திரை வெயிலில் கரூர்ச் சாலையில் அதை அணிந்து அரை மணி நேரம் போனால் விடை கிடைத்துவிடும். நெற்றியிலும் தாடையிலும் உள்வாங்கும் துளைகளும், பின்தலையில் வெளியேற்றும் துளைகளும், கையுறை அணிந்த விரலாலும் திறந்து மூடக்கூடியவையாக இருப்பதே நமக்கு ஏற்றது.

சாகசப் பயணக் கவசத்தை, அதாவது நெற்றிக்கு மேல் முன்விளிம்பு நீண்டு, தாடைப்பகுதி கூர்ந்து, வைசரும் உள்ள வகையை, வாங்க ஆசைப்படுபவர்கள் தங்கள் பயணத்தில் பெரும்பகுதி எங்கே கழிகிறது என்று நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். முன்விளிம்பால் பயன் உண்டு. மாலை வேளையில் அவிநாசிப் பக்கமிருந்து கோவை நோக்கி வரும்போது கண்ணுக்கு நேரே இறங்கும் சூரியனை அது மறைக்கும்; கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், திம்பத்தின் 27 வளைவுகளிலும், தோட்டத்து மண்பாதைகளிலும் மெதுவாக ஏறும்போது அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் அதே விளிம்பு பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும். வண்டிகளை முந்தும்முன் தலையைத் திருப்பிப் பார்த்தால் கழுத்தைத் திருகும், இரைச்சலும் கூடும். ஆகவே, முன்விளிம்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டக்கூடிய மாதிரியாகத் தேடுங்கள். வார நாளில் வேலைக்கும் வார இறுதியில் வால்பாறைக்கும் ஒரே கவசம்தான் என்றால், முன்விளிம்பே இல்லாத முழுமுகக் கவசம்தான் என் பரிந்துரை. தாடைப்பகுதியைத் தூக்கிவிடும் வகை, பெட்ரோல் பங்கிலும் தேநீர்க் கடையிலும் மிகவும் வசதி. மூடிய நிலையில் தாடைப் பாதுகாப்புக்கும் சோதிக்கப்பட்டதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தாடை திறந்த அரைக்கவசத்தை நெடும்பயணத்துக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆழியாறு வரை வெயில், அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஏறியதும் மூடுபனியும் சாரலும் என்ற வால்பாறைப் பாதையில் வைசர் பனிக்காமல் இருப்பது பார்வைக்கே இன்றியமையாதது. வைசரின் உட்புறத்தில் பொருத்தும் பின்லாக் என்ற இரண்டாவது தகடு, இடையே காற்றடுக்கு ஒன்றை அடைத்து வைத்து மூச்சின் ஈரம் படியாமல் காக்கிறது. அதைப் பொருத்துவதற்கான இரண்டு முளைகள் வைசரில் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள், தகட்டைப் பிறகுகூட வாங்கிக்கொள்ளலாம்.

எடை 1.2 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். கையில் தூக்கிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம், தலையில் வைத்துக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். எடை முன்பக்கம் சாய்ந்திருந்தால் கழுத்து மாலைக்குள் சொல்லிவிடும்.

நல்ல கவசம் வாங்கிய பிறகும் இரைச்சல் குறையவில்லை என்றால் வண்டியைச் சந்தேகியுங்கள். வண்டியின் முன்கண்ணாடியில் மோதி மேலெழும் காற்று சுழலாக மாறி, நேராகக் கவசத்தின் அடிவிளிம்பில் வந்து முட்டுவது மிகவும் சாதாரணமாக நடப்பது. ஆளில்லாத நேரான சாலையில், சீரான வேகத்தில், இரு கைகளும் கைப்பிடியில் இருக்க, கால்தாங்கிகளின்மேல் சற்று எழுந்து பாருங்கள். பிறகு முதுகைக் குனித்துத் தலையைக் கண்ணாடிக்குப் பின்னே தாழ்த்திப் பாருங்கள். ஏதோ ஓர் உயரத்தில் இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றம் முன்கண்ணாடியின் உயரத்தில் இருக்கிறது. அதைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். கழுத்துப் பக்க இடைவெளியைச் சோதிக்க இன்னும் எளிய வழி உண்டு: மெல்லிய பருத்தித் துணியைக் கழுத்தில் சுற்றி, முனைகள் பறக்காதபடி சட்டைக்குள் நன்றாகச் செருகிக்கொண்டு அதே சாலையில் போய்வாருங்கள். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால், தடித்த கழுத்துப் பட்டையோ தாடைத் திரையோ வாங்கிப் பொருத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதானால் மருந்துக்கடையில் கிடைக்கும் இயர் பிளக் எனப்படும் நுரை அடைப்பானைக் காதில் வைத்துக்கொள்வதையே நான் வழக்கமாக்கிக்கொண்டேன். விலை உயர்ந்த கவசமும் செய்ய முடியாததைச் சில ரூபாய் நுரை செய்கிறது. அதை விரல்களால் உருட்டி மெலிதாக்கி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். லாரியின் ஹாரன் அதன்பின்னும் கேட்கும். காற்றின் இரைச்சல் முழுதாக மறைந்துவிடாது. அது தாங்கும் அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான். நகருக்குள் நுழைந்ததும் ஓரமாக நிறுத்தி எடுத்துவிடுங்கள்.

ப்ளூடூத் ஒலிபெருக்கி பொருத்துவதற்காக உள்ளே இருக்கும் வெள்ளை நுரையைக் கத்தியால் சுரண்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மோதலின் வேகத்தை நசுங்கி வாங்கிக்கொள்வது அந்த நுரைதான். காதருகே ஒலிபெருக்கிக்கென்று பள்ளம் விட்ட கவசங்களே கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

பராமரிப்பில் நம் பழக்கத்துக்கு உரிய ஒரு செய்தி உண்டு: தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு கவசம் அணிபவர்களின் உள்துணி விரைவில் பிசுபிசுத்து அமுங்கி, பொருத்தமே மாறிவிடும். மெல்லிய பருத்திக் குல்லாய் ஒன்றை உள்ளே அணிந்து, அதை அடிக்கடி துவைத்துக்கொண்டால் போதும். கழற்றக்கூடிய உள்துணியை மிதமான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மாலையில் வைசரில் அப்பிய பூச்சிகளை உலர்ந்த துணியால் தேய்க்காமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் மூடிவைத்துப் பிறகு துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் கவசத்தின் மேலோட்டில் படவே கூடாது. விழுந்து அடிபட்ட கவசம் வெளியே கீறலின்றித் தெரிந்தாலும் உள்நுரை நசுங்கியிருக்கக்கூடும் என்பதால் மாற்றிவிட வேண்டும். அடிபடாததையும் ஐந்து ஆண்டுகளில் மாற்றுவது நலம். மாற்றும்போது பின்னால் அமர்பவரையும் கடைக்கு அழைத்துச் சென்று அவருடைய தலையையும் அளந்து வாங்குங்கள். சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது, பின்னிருக்கையிலும் அதே காற்றுதான் வீசுகிறது.