110 மீட்டர் ஹர்டில்ஸ்: தடைக்கு முன்னாலேயே நடந்துவிடும் தவறுகள்

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஜூனியர் மீட் நடக்கும்போது கேலரியில் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து தடை வரை முன்னணியில் வந்த பையன் ஏழாவதில் முட்டி இடித்து, அடுத்த தடைக்கு முன் மூன்று காலடிக்குப் பதில் நான்கு காலடி வைப்பான். உடனே "காலைத் தூக்குடா" என்று சத்தம் கிளம்பும். காலைத் தூக்காதது அல்ல சிக்கல். பெரும்பாலும் அவன் எழும்பிய இடமே தவறு.

ஆண்களுக்குத் தடையின் உயரம் 106.7 செ.மீ., இடைவெளி 9.14 மீட்டர். தடைக்குச் சுமார் 2.1 மீட்டர் முன்பே எழும்ப வேண்டும். தாண்டி இறங்குவது சுமார் 1.3 மீட்டரில். 1.7 மீட்டர் வரை நெருங்கி வந்து எழும்பினால் உடம்பு முன்னால் போகாமல் மேலே போகும். காற்றில் இருக்கும் நேரம் கூடும், இறங்கும்போது குதிகால் ஊன்றி வேகம் சாகும். பிறகு அடுத்த தடையை எட்ட அடியை இழுத்து வைக்க வேண்டிவரும். இந்த நஷ்டம் தடைக்குத் தடை சேர்ந்து ஏழாவதில் வெளியே தெரிகிறது. சாக்பீஸால் 2.1 மீட்டரில் ஒரு கோடு போடுங்கள், பக்கவாட்டில் செல்போனை வைத்து ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். முதலில் தடையைத் தாண்டும் முன்கால் நீட்டிக்கொண்டு போகிறதா, முட்டி முதலில் ஏறுகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். முட்டிதான் முதலில் ஏற வேண்டும்.

பின்னால் தாண்டிவரும் பின்காலின் முட்டி அக்குளை நோக்கி வந்து முன்னால் இறங்க வேண்டும். தடையின் பக்கவாட்டில், மேல்கட்டைக்குக் கீழாகக் கால் போனால் தகுதி நீக்கம்.

ஸ்டார்ட்டில் வேறு ஒரு ஆசை வரும். அமெரிக்க வீரர் ஏரீஸ் மெரிட் முதல் தடை வரை வைக்கும் எட்டுக் காலடியை ஏழாகக் குறைத்து, 2012ல் ஒலிம்பிக் தங்கமும் 12.80 விநாடி என்ற உலக சாதனையும் எடுத்தார். அதைப் பார்த்துப் பள்ளி மாணவர் ஏழுக்கு மாறக் கூடாது. அடியை ஒற்றைப்படையாக்கினால் ஸ்டார்ட்டில் கால் ஊன்றும் பிளாக்கில் எந்தக் கால் முன்னால் என்பதே மாறிவிடும், முதல் தடை வரையுள்ள 13.72 மீட்டரை ஏழு காலடியில் கடக்கும் பலம் வந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

பயிற்சியில் அதிகம் அடிபட வைப்பது தடையைத் திருப்பி வைப்பதுதான். அடிக்கால்கள் ஓடிவருபவர் பக்கம் இருக்க வேண்டும். மாறினால் இடித்தாலும் சாயாது, ஓடுபவர்தான் விழுவார். உயரத்தை மாற்றும்போது கீழே உள்ள எடையையும் நகர்த்துங்கள்.

18 வயதுக்குட்பட்டோருக்கு 91.4 செ.மீ., 20க்குட்பட்டோருக்கு 99.1. படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். புதியவருக்கு இடைவெளியையும் 8.2 மீட்டராகக் குறைத்து, மூன்றடி ரிதம் பிடிபட்டபின் மெல்ல நீட்டுவது நல்லது. தினம் நான்கைந்து தடையோடு நிறுத்துவதும் தவறு. வாரம் ஒருமுறையாவது எட்டுத் தடை ஓடாதவருக்குக் கடைசி மூன்று தடைகள் பழகவே பழகாது.

குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநார் காலையில் எழுந்ததும் விறைத்திருந்தால் அன்று மெரினா மணல் ஓட்டமும் வேண்டாம், முள் வைத்த ஸ்பைக்ஸ் ஷூவும் வேண்டாம். உலகச் சாம்பியனாக இருந்த சீன வீரர் லியூ சியாங்கின் 2008, 2012 ஒலிம்பிக் இரண்டையும் அக்கிலிஸ் காயம்தான் பறித்தது. வலி குறையும் வரை தட்டைப் பாதையில், சாதாரண ஷூவில், தடைக்குப் பக்கத்தில் நடந்தபடி பின்கால் பயிற்சி மட்டும் செய்யலாம்.