மனநல மருத்துவச் சீட்டைத் தவறாகப் படிக்காதீர்கள்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மனநல சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் உண்டு. டாக்டர் பேசும் மலையாளம் இங்கே எல்லோருக்கும் பிடிபடும். டிஸ்சார்ஜ் சீட்டு இங்கிலீஷில் இருக்கும், வினையே அதில்தான்.

தெரிந்த சொல்தானே என்று நம்பிவிடுவது பெரிய தவறு. மருந்துக்கடையில் மகனின் சீட்டை நீட்டிய ஓர் அம்மா, “பாசிட்டிவ்னு போட்டிருக்கு, அப்பம் கொள்ளாம்லா?” என்று கேட்டார். கொள்ளாம் இல்லை, அது நல்ல செய்தியே அல்ல. மனச்சிதைவு நோயில் ‘பாசிட்டிவ்’ அறிகுறி என்றால், இருக்கக்கூடாத ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்: யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் விஷம் வைக்கிறார் என்று அடித்துச் சொல்வது. இருக்க வேண்டியது குறைந்தால் ‘நெகட்டிவ்’. பேச்சு சுருங்கும், முகத்தில் உணர்ச்சி தெரியாது, குளிக்கக்கூட மனம் வராது. வீட்டில் இதற்குச் சோம்பேறி என்று திட்டுதான் கிடைக்கும். குரல்கள் மாத்திரைக்கு அடங்கினாலும் இது அவ்வளவு சுலபமாக மசியாது.

இதே நோயை ‘ஒரு ஆளுக்குள் ரெண்டு ஆள்’ என்பது சினிமா பார்த்து வந்த பேச்சு. அது வேறு கோளாறு.

‘இன்சைட் பூர்’ என்றால் புத்தி மட்டு என்றல்ல. தனக்கு நோய் இருப்பதை நோயாளி உணரவில்லை, அவ்வளவுதான். நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தால் டாக்டருக்கு அது இன்னும் சந்தேகம் மட்டுமே. அதற்குள் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மாத்திரைக்கு எதிரே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று இருந்தால், தேவைப்படும்போது மட்டும். பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் லோராசிபாம் போன்றதை இப்படி எழுதியிருக்க, தூக்கம் நல்லா வருதே என்று தினமும் கொடுத்தால் பழக்கமாகிவிடும்.

‘ஆன்டிடிப்ரசன்ட்’ என்று பார்த்ததும், எனக்கு மனச்சோர்வே கிடையாதே என்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பதற்றத்துக்கும், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓ.சி.டி.க்கும் அதே மருந்துதான் தருவார்கள். பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், எரிச்சல் வரும்.

அப்புறம் ‘இ.சி.டி.’, அதாவது மின் அதிர்ச்சி சிகிச்சை. நம்ம ஊரில் யாரையாவது கேலி செய்ய ‘ஊளம்பாறைக்குக் கொண்டு போ’ என்போம். திருவனந்தபுரத்தில் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடம் அது. அங்கே ஷாக் வைப்பார்கள் என்ற பயமும் அந்தக் கேலியில் கலந்திருக்கும். சீட்டில் இந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.