நாலே மழலையர் பள்ளி உள்ள ஊரில் எதைத் தேர்ந்தெடுப்பது?

சின்ன ஊரில் தனியார் மழலையர் பள்ளி மூன்றோ நாலோதான் இருக்கும். எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்பது வசதி. ஒவ்வொன்றைப் பற்றியும் ஊருக்குள் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கும் என்பது சிக்கல். அந்தப் பேச்சு பெரும்பாலும் பழசு. என்றோ இருந்த ஒரு நல்ல மிஸ் வாங்கிக்கொடுத்த பெயர், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் பள்ளிக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் குழந்தை சேரப்போகும் அதே வகுப்பில் இந்த வருஷமோ போன வருஷமோ பிள்ளையை விட்டவர்களிடம் மட்டும் விசாரியுங்கள். "நல்ல பள்ளியா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். "வருஷ நடுவில் மிஸ் மாறினாரா? பிள்ளை கீழே விழுந்தபோது அன்றைக்கே சொன்னார்களா?" என்று கேளுங்கள். (நீங்கள் விசாரித்தது சாயங்காலத்துக்குள் தாளாளர் காதுக்குப் போய்விடும். போகட்டும்.)

பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் பாடத்திட்டமும் புத்தகமும் சுவர் வண்ணமும் மேலிடத்திலிருந்து வந்திருக்கும். மிஸ்ஸும் ஆயாவும் உள்ளூர்தான். பிள்ளைக்கு முக்கியம் அவர்கள் இரண்டு பேரும்.

எல்லாப் பள்ளியையும் வேலை நாளில், வகுப்பு நடக்கும்போது, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாருங்கள். திறந்த முதல் மாதம் வேண்டாம், எங்கே போனாலும் அழுகைதான் கேட்கும். பள்ளி விட்ட பிறகு வரச்சொன்னால் கட்டடத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். முன்பின் தெரியாதவரை வகுப்புக்குள் விடாதது நல்ல பழக்கமே. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயும் வாசலில் நின்றுகூடப் பார்க்க முடியவில்லை என்றால், அந்தப் பள்ளி பட்டியலில் கடைசி.

உள்ளே போனதும் தலையை எண்ணுங்கள். 3 வயதுப் பிள்ளைகள் என்றால் 8 முதல் 10 பேருக்கு ஒரு பெரியவர், 2 வயது என்றால் 4 அல்லது 5 பேருக்கு ஒருவர். அதற்கு மேல் போனால் அதட்டித்தான் உட்கார வைக்க முடியும். பள்ளி சொல்லும் கணக்கில் அலுவலக ஊழியரும் வேன் டிரைவரும் சேர்ந்திருக்கலாம், ஆகவே அறைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு பிள்ளையை ஆயா கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்போது மற்றவர்களை யார் பார்க்கிறார் என்றும் கேளுங்கள்.

அடுத்து 3 வயது வகுப்பின் நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். பக்கம் பக்கமாகப் புள்ளி எழுத்தின் மேல் எழுதவைத்திருந்தால் கவனம். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. பென்சிலைப் பிடிக்கும் விரல் பலம் களிமண் பிசைவதிலும் காகிதம் கிழிப்பதிலும் மணி கோப்பதிலும்தான் வரும். சீக்கிரம் எழுதவைத்தால் பெற்றோருக்குச் சந்தோஷம் என்பதால்தான் பல பள்ளிகள் இதைச் செய்கின்றன. சுவரையும் பாருங்கள். இருபது வாத்தும் ஒரே அச்சில் இருந்தால் அதைச் செய்தவர் மிஸ். கோணல்மாணலாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தால் பிள்ளைகள் கைபட்டது.

விளையாட்டுச் சாமான் கூடையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுங்கள். சுமார் 3 செ.மீ. அகலக் குழாய்க்குள் முழுதாக நுழைந்துவிடும் எதுவும் 3 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் தொண்டையில் சிக்கலாம். இரண்டு வயதுப் பிள்ளைகளும் அதே அறையில் இருந்தால் அந்தச் சாமான் அங்கே இருக்கக்கூடாது. மாடிப்படிக் கம்பிகளின் இடைவெளி 9 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். சறுக்குமரத்தின் அடியில் மணல் வேண்டும், சிமெண்ட் தரை ஆகாது.

கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள்; இதைத் தவிர்க்கப் பார்க்கும் பள்ளிகள் உண்டு. பிள்ளையின் கால் தரையிலோ ஒரு படியிலோ ஊன்ற வேண்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். தரை காய்ந்திருக்க வேண்டும். வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பழக்கம் ஆபத்து. தலைகுப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே போதும். சோப்பு பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, ஈரமான சோப்பா, கட்டி காய்ந்து வெடித்துக் கிடக்கிறதா? காய்ந்து கிடந்தால் யாரும் கை கழுவுவதில்லை என்று அர்த்தம். துணியிலேயே போய்விட்டால் யார் மாற்றிவிடுவார் என்று ஆயாவிடமே கேளுங்கள். அவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது.

பள்ளி விடும் நேரத்தில் இன்னொரு நாள் சொல்லாமல் போய் வெளியே நில்லுங்கள். பிள்ளையை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்கிறார்களா, கேட்டைத் திறந்துவிட்டுவிடுகிறார்களா என்பது தெரிந்துவிடும். வேன் என்றால் உங்கள் வீடு எத்தனையாவது நிறுத்தம் என்று கேளுங்கள். முதலில் ஏறிக் கடைசியில் இறங்கும் பிள்ளைக்கு 3 கி.மீ. தூரமே முக்கால் மணி நேரம் ஆகும். எல்லோரும் இறங்கிய பிறகு ஒருவர் கடைசி சீட்வரை நடந்து பார்க்கிறாரா என்பது அதைவிட முக்கியம். பூட்டிய வண்டி வெயிலில் நின்றால் 10 நிமிடத்திலேயே உள்ளே சூடு சுமார் 10 டிகிரி ஏறும். தூங்கிப்போன பிள்ளை கூப்பிடாது.

ஃபீஸை வருஷக் கணக்காக எழுதி வாங்குங்கள்: சேர்க்கைக் கட்டணம், புத்தகம், யூனிஃபார்ம், வேன், ஆண்டுவிழா எல்லாம் சேர்த்து. பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளி வருஷ நடுவில் மூடப்படவோ இரண்டு வகுப்பை ஒன்றாக்கவோ வாய்ப்பு அதிகம், அங்கே மொத்தமாகக் கட்டாமல் தவணையாகக் கட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு பள்ளி சமமாக நின்றால் வீட்டுக்குக் கிட்ட இருப்பதில் சேருங்கள். முதல் வருஷம் காய்ச்சல், சளி என்று அடிக்கடி போன் வரும்.