சிவப்பு மருந்து கீமோ: வாந்தி வருவதற்கு முன்பே தடுப்பது எப்படி?

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோக்களில் வாந்திக்குப் பேர்போனது டாக்சோருபிசின், சைக்ளோபாஸ்பமைடு கூட்டு. நிறத்தை வைத்து 'சிவப்பு மருந்து' என்பார்கள். பொதுவாக 21 நாளுக்கு ஒரு முறை, 4 சுற்று. பிறகு வாராவாரம் போடும் பாக்லிடாக்சல் வயிற்றை இவ்வளவு படுத்தாது. அதனால் கீழே உள்ளதெல்லாம் சிவப்பு மருந்துச் சுற்றுகளுக்கு.

வாந்தி இரண்டு தவணையாக வரும். முதல் 24 மணி நேரத்தில் வருவதற்குக் குடல் சுவர் கொட்டும் செரோட்டோனின் என்ற ரசாயனம் முக்கியக் காரணம். 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாள் வரை வருவதில் மூளையில் வேலை செய்யும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற இன்னொரு ரசாயனத்துக்குப் பெரிய பங்கு. செரோட்டோனினைத் தடுக்கும் ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து முதல் தவணையை நன்றாக அடக்கும், இரண்டாவதற்கு அது மட்டும் போதாது. நாலு வகை மருந்து எழுதித் தருவது அதனால்தான்.

படி 1: ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

மசக்கையில் கடுமையாக வாந்தி எடுத்தவரா? பஸ்ஸில் ஏறினால் குமட்டுமா? வயது 50க்குக் கீழா? இவர்களுக்கு வாந்தி வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய், இதயத் துடிப்புக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின் மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், வாந்தி மருந்துகளின் அளவும் வகையும் மாறும்.

படி 2: மாத்திரை அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்

வழக்கமான அட்டவணை இப்படி இருக்கும்:

- 1ஆம் நாள்: கீமோ ஊசிக்கு 1 மணி நேரம் முன் அப்ரெபிடன்ட் ('சப்ஸ்டன்ஸ் பி'யைத் தடுப்பது) 125 மி.கி. கேப்சூல். சுமார் அரை மணி நேரம் முன் பலோனோசெட்ரான் (ஆன்டான்செட்ரான் வகை) 0.25 மி.கி. ஊசி, டெக்சாமெத்தசோன் (ஸ்டீராய்டு) 12 மி.கி. இரவு ஓலான்சபின்.
- 2, 3ஆம் நாள்: காலையில் அப்ரெபிடன்ட் 80 மி.கி., இரவு ஓலான்சபின்.
- 4ஆம் நாள்: இரவு ஓலான்சபின் மட்டும்.

உங்கள் சீட்டு வேறு மாதிரி இருந்தால் பதற வேண்டாம். அப்ரெபிடன்டின் ஊசி வடிவமான ஃபோசப்ரெபிடன்ட் 150 மி.கி. போட்டிருந்தால் 2, 3ஆம் நாள் கேப்சூல் இருக்காது. சீட்டில் இருப்பதுதான் கணக்கு, இங்கே இருப்பது அதைப் படித்துப் புரிந்துகொள்ள.

ஓலான்சபின் மனநல மருந்து என்று மருந்துக்கடையில் சொன்னதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இங்கே அது குமட்டலுக்குத்தான், குமட்டலை அடக்குவதில் இதற்கு ஈடான மருந்து குறைவு. தூக்கக் கலக்கம் வரும், அதனால்தான் இரவில். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 10 மி.கி.யோடு 2.5 மி.கி.யை ஒப்பிட்டுப் பார்த்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள்: சின்ன அளவும் அதே பலனைத் தந்தது, தூக்கக் கலக்கம் குறைவு. மறுநாள் தலை தூக்க முடியவில்லை என்றால் மாத்திரையைக் கைவிடாதீர்கள், அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

படி 3: நன்றாக இருக்கும்போதும் மாத்திரையை விடாதீர்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். 2ஆம் நாள் காலை எழுந்தால் வயிறு அமைதியாக இருக்கிறது. "ஒன்றும் இல்லையே, எதற்கு மாத்திரை" என்று கேப்சூல் டப்பாவிலேயே கிடக்கிறது. 3ஆம் நாள் வாந்தி பிடித்துக்கொள்கிறது, அப்போது விழுங்கும் மாத்திரையும் வெளியே வந்துவிடுகிறது.

முதல் சுற்றில் வாந்தி பலமாக வந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அடுத்த சுற்றுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பிரிட் வாசனை பட்டதுமே குமட்டும். அது வந்த பிறகு வழக்கமான வாந்தி மாத்திரைக்குச் சரியாக மசியாது. அதனால் முதல் சுற்றில் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

படி 4: சாப்பாடு

ஊசி நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லி, கஞ்சி போதும். அன்றைக்கு நோயாளிக்கு ரொம்பப் பிடித்த பதார்த்தத்தை மட்டும் செய்யாதீர்கள்: அதைச் சாப்பிட்டு வாந்தி எடுத்தால் பிறகு பல மாதம் அதன் பக்கமே போக முடியாது.

அடுத்த நாலு நாள் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை கைப்பிடி அளவு. சூடான சாப்பாட்டிலிருந்து வாசனை அதிகம் கிளம்பும், ஆறிய தயிர் சாதம், இட்லி, பொரி எளிதாக இறங்கும். தாளிப்பு, மீன் வறுவல் எல்லாம் அவர் படுத்திருக்கும் அறைக்கு வாசனை எட்டாதபடி. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே சிறு மடக்காக. சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். இஞ்சித் தண்ணீர் சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக ஆகாது.

படி 5: மலச்சிக்கலைக் கவனியுங்கள்

பலோனோசெட்ரானும் ஆன்டான்செட்ரானும் குடலை மந்தமாக்கும். 3 நாள் வயிறு போகாவிட்டால் அதுவே குமட்டும், வீட்டில் கீமோ வாந்தி என்று நினைத்து இன்னும் ஆன்டான்செட்ரான் கொடுப்பார்கள், சிக்கல் இறுகும். மலமிளக்கியை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

படி 6: இத்தனைக்குப் பிறகும் வாந்தி வந்தால்

ஏற்கெனவே கொடுத்த வகையையே திரும்பக் கொடுப்பதில் பலன் குறைவு. பலோனோசெட்ரான் பல நாள் உடம்பில் நிற்கும், மேலே ஆன்டான்செட்ரான் சேர்த்தால் பெரிதாக ஒன்றும் கூடாது. வேறு வகை வேண்டும், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஓலான்சபின் எடுப்பவருக்கு வீட்டில் இருக்கும் மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கழுத்து, தாடை இழுத்துக்கொள்ளும் ஆபத்து கூடும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கரைத்து, 5 நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள்.

தண்ணீர்கூட நிற்காமல் திரும்பத் திரும்ப வாந்தி, சிறுநீர் குறைந்து போவது, எழுந்தால் தலைசுற்றல், வாந்தியில் ரத்தம், வயிறு உப்பி மலமும் வாயுவும் போகாமை: அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வாந்தி இல்லாவிட்டாலும், நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம், அதற்கு ஓட வேண்டாம்.

எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை வாந்தி என்பதை அதே ஃபிரிட்ஜ் தாளில் குறித்து வையுங்கள். அடுத்த சுற்றுக்குப் போகும்போது "கொஞ்சம் வாந்தி இருந்தது" என்று சொல்வதைவிட அந்தத் தாளை நீட்டினால், எந்த மருந்தை மாற்றுவது என்று டாக்டர் அங்கேயே முடிவு செய்வார்.